மூன்றாம் மாடியில் கேட்ட சொல்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.07.2024

தம்பி விக்னேஷுக்கு,

அக்கா நாகஜோதி எழுதுகிறேன். ராஜபாளையத்துக்கும் இங்கேயும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். இந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்தாநாள் உன் அத்தானை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். என் கையில் பால் பாத்திரம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, அத்தான் எப்படி இருக்காக?" என்று நீ கேட்டு முடிக்கவில்லை, கட்டிலில் கிடந்த மனிதருக்கு உடம்பெல்லாம் உதற ஆரம்பித்துவிட்டது. வெந்து கட்டுப் போட்ட இரண்டு கையையும் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "ஏலே ராக்கப்பா, அங்கன நிக்காத, தள்ளிப் போலே!" என்று கத்தினார். நானும் என் மகளும் பிடித்துப் படுக்க வைப்பதற்குள் நெஞ்சில் இருந்த கட்டு நனைந்துவிட்டது. இருபது வருடம் சிமெண்ட் ஆலையின் ராட்சத ஃபேன் சத்தத்தில் நின்று பாதிக் காது போன மனிதர். உன் குரல் மட்டும் அவருக்குத் துல்லியமாகக் கேட்கிறது.

அதனால் உன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறேன். நேரிலும் வராதே. நீ வாசலில் நின்று இருமினாலும் கட்டிலுக்குக் கேட்கும் வீடு இது. சொல்ல வேண்டியதை எழுது.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஜூன் பதினொன்றாம் தேதி அடைத்துக்கொண்ட சைக்ளோன் தொட்டியைக் குத்திவிட அவரும் கூட வேலை பார்த்த ராக்கப்பனும் ஆலை டவரின் மூன்றாம் மாடியில் நின்றார்கள். நீ கண்ட்ரோல் ரூமில் ஏசியில் உட்கார்ந்திருந்தாய். அவர் வாக்கி டாக்கியில் "மாப்ள, ஏர் விடவா?" என்று கேட்டாராம். "விடுங்க" என்று உன் பதில் வந்ததாம். விட்டாராம். மதுரைக்கு விசாரிக்க வந்தவர்களிடம் இதைத்தான் சொன்னார். கூட வந்த ஆலைக்காரர் சிரிக்காத குறை. "உங்க மச்சினன் நிறுத்தச் சொன்னதா லாக் புத்தகத்துல எழுதியிருக்காரு. படிச்ச பையன் பொய்யா எழுதுவான்?" என்றார்.

அன்றிலிருந்து உன் அத்தானுக்கு இதே ஜெபம். "ஏட்டி, மாப்ள பொய் எழுத மாட்டான். அவன் நிறுத்துங்கன்னுதான் சொல்லியிருப்பான். எம் பாழாப்போன காதுதான் ராக்கப்பனக் கொன்னுருச்சு" என்கிறார். சோறு ஊட்டும்போதும் இதுதான், கட்டுப் பிரிக்கும்போதும் இதுதான். டாக்டர் புண்ணைப் பற்றிக் கேட்டால் இவர் காதைக் காட்டுகிறார்.

நீ அன்றைக்கு என்ன சொன்னாய்? சொன்ன சொல்லை அப்படியே எழுது.

அக்கா,
நாகஜோதி


ராஜபாளையம்
19.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் வீட்டுக்கு வந்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. நீ சொன்னபடி போன் செய்யவில்லை. என்னோடு கண்ட்ரோல் ரூமில் இருக்கும் விமலிடம் ஒரு காற்றுப் படுக்கை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முதுகுப் புண் வராமல் இருக்க அதில் படுக்க வை. மோட்டாரை மெதுவாக வைத்தால் போதும்.

அன்று நடந்ததை முறையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பவுடராக அரைத்து டவர் உச்சியில் போடுகிறோம். நாங்கள் மாவு என்போம். கீழே சூளையிலிருந்து அனல் மேலே வரும். மாவு கூம்புத் தொட்டி மாதிரியான ஒவ்வொரு சைக்ளோனாகச் சுழன்று இறங்கும்போதே வேகும். அடிச் சைக்ளோனுக்கு வரும்போது எண்ணூறு டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் அது பவுடராக நடந்துகொள்ளாது, தண்ணீராக ஓடும். சில சமயம் சைக்ளோனின் அடிவாய் அடைத்துக்கொள்ளும். மேலே டன் கணக்கில் மாவு சேரும். அப்போது பக்கத்துத் துவாரத்தில் கம்பியையோ ஏர் குழாயையோ செருகி உடைத்துவிட வேண்டும். உடைக்கும்போது எதிரிலும் கீழேயும் ஆள் நிற்கக் கூடாது. இது விதி.

அன்று அடைப்பு தானாகவே இளகப் பார்க்கிறது என்பது எனக்குத் திரையில் தெரிந்தது. ஆளை விலக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேசினேன். நிறுத்தச் சொன்னேன் என்று லாக் புத்தகத்தில் எழுதியிருப்பது உண்மை. ஷிப்ட் முடியுமுன் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் விசாரணை முடியும்வரை யாரிடமும் எதையும் எழுத்தில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீ கோர்ட் எதிரில் டைப் அடிக்கிறவள், உனக்குத் தெரியாதது இல்லை.

அத்தானிடம் மனசைப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று சொல். நடந்தது விபத்து. முனீஸ்வரியும் பாப்பாவும் அத்தானைக் கேட்டார்கள்.

தம்பி,
விக்னேஷ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.07.2024

விக்னேஷுக்கு,

பாடம் நன்றாக எடுத்திருக்கிறாய். பரீட்சை வைத்தால் எழுதிவிடுவேன். பதினெட்டு வருடமாக அந்த மாவை இவர் சட்டையிலிருந்து உதறித் துவைக்கிறவளுக்கு அது எத்தனை டிகிரி என்று சொல்லித் தருகிறாய். கேட்ட ஒரு சொல்லைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். 'நிறுத்தச் சொன்னேன் என்று எழுதியிருப்பது உண்மை' என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ராக்கப்பன் பெண்டாட்டி வெள்ளத்தாய் தேவதானத்திலிருந்து வந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை. புருஷன் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்க வந்திருக்கிறாள், பாவம். இவர் கட்டிலில் இருந்து இறங்கி அவள் காலில் விழப் பார்த்தார். முடியவில்லை. கிடந்தபடியே, "தாயி, நாந்தான் கொன்னேன். எங்காது செவிடு. என்னைய என்ன வேணா செய்யி" என்றார். செத்த நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். எங்கள் தெருவே வாசலில் நின்று கேட்டது. உலைமூடியால் ஊர்வாயை மூட முடியுமா? மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் மகளிடம் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது, உங்கப்பாவா ஆளக் கொன்னது என்று.

நீ சொன்னது சரி, நான் டைப் அடிக்கிறவள். ஒரு நாளைக்கு முப்பது வாக்குமூலம் என் விரல் வழியாகப் போகிறது. ஒரு சொல் மாறினால் ஒரு ஆள் உள்ளே போவான், ஒரு ஆள் வெளியே வருவான். அதனால் உன் லாக் புத்தகத்தைப் பற்றி யோசித்தேன். நீங்கள் அதைத் தமிழிலா எழுதுகிறீர்கள்? இங்கிலீஷில்தானே? 'ஸ்டாப்' என்று எழுதியிருப்பாய். நீ வாயால் சொன்னது ஸ்டாப் இல்லை. நிறுத்துங்க என்றும் நீ சொல்லியிருக்க மாட்டாய். பிறந்ததிலிருந்து உன் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அம்மா யாரோடாவது சண்டைக்குப் போனால் "விடும்மா" என்பாய். நான் அழுதால் "விடுக்கா" என்பாய். அத்தான் கோபப்பட்டால் "விடுங்க அத்தான், விடுங்க" என்பாய். அதற்கு வேண்டாம், விலகிப் போ என்று அர்த்தம். மோட்டார் ரூமில் நிற்கிறவனிடம் தண்ணியை விடு என்றால் திறந்துவிடு என்று அர்த்தம்.

அவர் "ஏர் விடவா?" என்று கேட்டார். நீ "விடுங்க" என்றாய். அப்படித்தானே?

ஆமாம் என்று ஒரு வரி எழுதிவிடு. தப்பு யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவர் காது சரியாகத்தான் கேட்டது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். புண் ஆறுகிறது விக்னேஷ். டாக்டரே சொல்கிறார். ஆள்தான் ஆறவில்லை.

காற்றுப் படுக்கையை விமலிடமே திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த மோட்டார் இரைச்சல் அவருக்கு ஃபேன் சத்தமாகக் கேட்கிறது.

நாகஜோதி


ராஜபாளையம்
29.07.2024

அக்கா,

உன் கடிதத்தை முனீஸ்வரி படித்துவிட்டாள். இரண்டு நாளாக வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நீ கேட்பது ஒரு வரிதான். அந்த ஒரு வரி எழுதின தாள் நாளைக்கு யார் கையில் இருக்கும்? போலீஸ் கேஸில் இப்போது யார் பெயரும் இல்லை. நான் ஆமாம் என்று எழுதினால் முதல் பெயர் என்னுடையது. லாக் புத்தகத்தில் ஒன்று எழுதிவிட்டு வெளியே வேறு சொன்னால் பொய்க் கணக்கு எழுதினவன் என்றும் சேர்த்துப் போடுவார்கள். "எழுதினது எழுதினபடி இருக்கட்டும், நீ வாயைத் திறக்காத வரைக்கும் உனக்கும் நல்லது, உன் அத்தான் கருத்தையா குடும்பத்துக்கும் நல்லது" என்று மேலே இருப்பவர் தோளில் கைபோட்டுச் சொன்னார். தோளில் அந்தக் கை இன்னும் இருக்கிறது.

பாப்பாவுக்கு மூன்று வயது. நான் உள்ளே போய்விட்டால் அவளை யார் பார்ப்பார்கள்? அம்மாவை யார் பார்ப்பார்கள்? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பாய். எனக்குக் கனம் இருக்கிறது அக்கா. அதை இறக்கி வைக்க இடம்தான் தெரியவில்லை.

நான் எழுதினால் படித்துக் காட்டிவிட்டு எரித்துவிடுவாயா? சத்தியம் செய்து எழுது. அதற்குப் பிறகு யோசிக்கிறேன்.

விக்னேஷ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
09.08.2024

தம்பி,

உன் கடிதம் கிடைத்ததும் கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். இப்போது கோபப்பட நேரம் இல்லை.

ஐந்தாம் தேதி காய்ச்சல் கண்டது. ஏழாம் தேதி ஆடிப்பூரத் தேர். தேர் வருகிற வீதியெல்லாம் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். விசிறி ஓடவில்லை. வெளியே 'கோவிந்தா, கோபாலா' என்று ஊரே வடம் பிடிக்கிறது, உள்ளே நானும் என் மகளும் ஆளுக்கொரு அட்டையை வைத்து வீசிக்கொண்டிருக்கிறோம். அவர் சூடு சூடு என்று முனகுகிறார். கூட்டத்தில் ஆட்டோ வர வழியில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகுதான் இங்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். புண்ணில் விஷம் ஏறியிருக்கிறது, ரத்தத்தில் கலந்துவிட்டது என்கிறார்கள். மதுரைக்குத் தூக்கிப் போனால் வழியிலேயே போய்விடுவார் என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

நினைவு இருக்கிறது. நினைவு இருப்பதுதான் கொடுமை. "மாப்ள எழுதுனானா?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்கிறது.

எரித்துவிடுகிறேன். என் பிள்ளை மேல் சத்தியம். எழுது. உடனே எழுது. கையில் கொடுத்து அனுப்பினாலும் சரி. விமலிடம் கொடு. நர்சிடம் கொடுத்துவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் போகட்டும். உன்னைக் கெஞ்சுகிறேன் தம்பி. உன்னிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சியதில்லை.

அக்கா


ராஜபாளையம்
12.08.2024

அக்கா,

நேற்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். பிரசவ வார்டு பக்கம் மரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றேன். உன்னைப் பார்த்தேன். கையில் பிளாஸ்க்கோடு படியேறிக்கொண்டிருந்தாய். கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

ஆமாம். 'விடுங்க' என்றுதான் போனது.

ஆனால் நான் சொன்னது அது மட்டும் இல்லை. அத்தான் "ஏர் விடவா?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. திரையில் அடிச் சைக்ளோனின் அழுத்தம் குதிக்க ஆரம்பித்திருந்தது. மேலே சேர்ந்த மாவு அசைகிறது, இப்போது தொட்டால் மொத்தமும் வெளியே வரும் என்று புரிந்தது. "வேண்டாம், விடுங்க அத்தான்" என்று சொன்னேன். வாக்கி டாக்கியில் பட்டனை அமுக்கி, ஒரு நொடி பொறுத்துத்தான் பேச வேண்டும். அமுக்கியதும் பேசினால் முதல் சொல்லை அது விழுங்கிவிடும். சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித் தருவது இது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன். அன்று பதற்றத்தில் வாயும் விரலும் ஒன்றாகப் போய்விட்டது. 'வேண்டாம்' என்பதை அது விழுங்கிவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். பக்கத்து மேசையில் விமலுடைய செட் இருந்தது. என் குரல் அதில் திரும்பி வந்தது. "...விடுங்க அத்தான்" என்று வந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்ட பிறகும் எனக்கு நேரம் இருந்தது அக்கா. அத்தான் வாக்கி டாக்கியை இடுப்பில் செருகி, இரண்டு கையாலும் வால்வைப் பிடித்துத் திருப்ப இரண்டு மூன்று நொடியாவது ஆகியிருக்கும். மறுபடி பட்டனை அமுக்கி 'வேண்டாம்' என்று கத்தியிருக்கலாம். 'ஓடுங்க' என்று கத்தியிருக்கலாம். நான் அந்த நொடிகளில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாகப் போயிருக்காது, அத்தானுக்குப் புரிந்திருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. மாவு முழுவதும் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் எதுவும் கேட்காது. எண்கள்தான் மாறும்.

சாயங்காலம் லாக் எழுத உட்கார்ந்தபோது நான் பொய் எழுத நினைக்கவில்லை. நான் சொல்ல நினைத்ததை இங்கிலீஷில் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் என் மேல் தப்பே இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நீ எவ்வளவு வேண்டுமானாலும் காறித் துப்பு.

அத்தானிடம் இதைப் படி: அத்தான், நான் விடுங்கன்னுதான் சொன்னேன். உங்க காது சரியாத்தான் கேட்டுச்சு. தப்பு என்னோடது.

எரித்தாலும் சரி, எரிக்காவிட்டாலும் சரி. இன்றைக்கே தபாலில் போடுகிறேன்.

விக்னேஷ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.08.2024

விக்னேஷ்வரனுக்கு,

சுடுகாட்டில் நீ தூரத்தில் வேலியோரம் நின்றதாகச் சொன்னார்கள். பக்கத்தில் வராமல் இருந்தாயே, அந்த மட்டுக்கும் சரி.

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. அவர் போனது பதினான்காம் தேதி பகல் மூன்று மணிக்கு. கடிதத்தில் தேதி பன்னிரண்டு போட்டிருக்கிறாய். 'இன்றைக்கே' என்றும் எழுதியிருக்கிறாய். கவரின் மேல் தபால் முத்திரை பதினான்கு. அந்த இரண்டு நாள் அதை எங்கே வைத்திருந்தாய்? சட்டைப் பையிலா, தலையணைக்குக் கீழேயா? ஒரு ஆத்திரத்துக்குக் கேட்கிறேன். பதில் எழுதாதே.

நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு எனக்கும் வேறு ஆள் இல்லை.

பதிமூன்றாம் தேதி மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. "எழுதுனானா?" என்றார். அன்றைக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கீழே போய் வராண்டாவில் உட்கார்ந்து, கைப்பையில் இருந்த டைப் கடைத் தாளில் நானே ஒரு கடிதம் எழுதினேன். நீ எழுதினது மாதிரி. மேலே வந்து படித்தேன். 'அத்தான், நான் விடுங்கன்னுதான் சொன்னேன், உங்க காது சரியாத்தான் கேட்டுச்சு' என்று படித்தேன். நீ நிஜமாகவே எழுதியிருந்த வரியும் நான் கள்ளத்தனமாக எழுதிய வரியும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே வீட்டில் பேசப் பழகினவர்கள்தானே.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அதானே பாத்தேன். எங்காது எனக்குத் தெரியாதா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்து ரத்தம் வந்தது. கொஞ்சம் பால் கேட்டார். மூன்று வாய் குடித்தார். நான் பொய் சொன்னாலும் புண்ணியமான பொய் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன்.

பிறகு கேட்டார், "இது வேற யாருக்கும் தெரியுமா?" என்று. தெரியாது என்றேன். "ஆமான்னா அவன உள்ள வச்சிருவாகளோ?" என்றார். நான் பால் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். "மாப்ள பிள்ளைக்கு எம்புட்டு வயசு?" என்றார். மூன்று என்றேன். "சரி, விளக்க அணைச்சிட்டுப் படு. நாந் தூங்குறேன்" என்றார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தூங்கினார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா சொல்லி அனுப்பி மாஜிஸ்திரேட் வந்தார், வாக்குமூலம் வாங்க. எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். டவரில் வேலை பார்த்த ஆளுக்கு மெதுவாகப் பேசத் தெரியுமா? சாகக் கிடக்கும்போதும் கத்தித்தான் பேசினார். வார்டு முழுக்கக் கேட்டது. "என் மச்சினன் நிறுத்துங்கன்னு தெளிவாச் சொன்னான். எனக்கும் நல்லாக் கேட்டுச்சு. நாந்தான் அவசரப்பட்டு ஏர விட்டேன். ராக்கப்பன் செத்தது என்னால. வேற யாரு மேலயும் தப்பு இல்ல."

உள்ளே ஓடினேன். போலீஸ்காரர் தடுத்துவிட்டார். கை இரண்டும் வெந்துபோனதால் கால் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினார்கள். இப்படி எத்தனை தாள் நான் டைப் அடித்திருக்கிறேன்! 'சுயநினைவுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி.' தூண்டினவள் நான்தான். அந்தக் கள்ளக் கடிதத்தை நான் படிக்காமல் இருந்திருந்தால், எனக்கு விடுங்கன்னு கேட்டுச்சு என்றுதான் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லியிருப்பார். அவர் சந்தேகமாவது எழுத்தில் நின்றிருக்கும். சந்தேகத்தோடு கிடந்தவருக்கு நிம்மதி கொடுத்தேன். அந்த நிம்மதியை எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நீ பிழைத்தாய். உன் வேலை இருக்கிறது, லாக் புத்தகம் இருக்கிறது, அதற்கு ஒரு செத்த மனிதனின் கால் ரேகை சாட்சி. என் மகள் கொலைகாரன் மகளாகப் பள்ளிக்கூடம் போக வேண்டும். இந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போவாளா, தெரியாது.

உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. எரிக்க மனசு வரவில்லை. கொண்டு போய்க் காட்டவும் மனசு வரவில்லை. காட்டினால் அவர் கடைசியாகச் செய்த காரியத்தை நானே அழித்தவள் ஆவேன். காட்டாவிட்டால் அவர் பெயரை அழித்தவள் ஆவேன். படித்தவன்தானே நீ, இதில் எது நல்லது என்று சொல்லேன். உன்னை மன்னிக்க வழி இல்லை. அவர் உன்னைக் காப்பாற்றிவிட்டதால் உன்னைத் திட்டவும் வழி இல்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார் மனிதர்.

இனி காரியத்துக்கு வருகிறேன். இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை பதினாறாம் நாள். எனக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். அண்ணன் தம்பி கையால்தான் போட வேண்டும் என்று இங்கே பெரியவர்கள் கேட்கிறார்கள். எனக்கு இருப்பது நீ ஒருத்தன். நான் வேண்டாம் என்றாலும் முறை விடாது. காலை பத்து மணிக்கு முன்னால் சேலையோடு வந்துவிடு.

நேற்று வெள்ளத்தாய்க்கும் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்றிருக்கிறாள். ராக்கப்பனுக்குப் பதினாறாம் நாள் நடந்தபோது அவளுக்குக் கோடி போட யாருமே வரவில்லையாம். கூடப் பிறந்தவர்கள் கிடையாது, தகப்பனும் இல்லை. பழைய சேலையையே மாற்றிக் கட்டிவிட்டார்களாம்.

அதனால் ஒன்றுக்கு இரண்டு சேலையாக எடுத்து வா. இரண்டும் ஒரே தரத்தில் இருக்கட்டும். எனக்குப் போட்ட பிறகு அவளுக்கும் நீயே போடு. இவன் எனக்கு எந்த முறையில் போடுகிறான் என்று அவள் எல்லோர் முன்னாலும் கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

நாகஜோதி